மல்லாட்டைச் செடி என்று ஓர் அஞ்சலி

வியாழன் இரவு, திண்டிவனம்.

பக்கத்துத் தெரு அஞ்சலை இறந்துவிட்டார். களையெடுப்பு, மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை) பிடுங்கல் என்று கடைசிவரை கூலிக்குப் போனவர். நான் பத்திரிகையில் செய்தி திருத்துபவன் என்பதால், அஞ்சலி பேனருக்கு ஒரு வரி கேட்டு அவர் மகனும் மகளும் என்னை அச்சுக்கடைக்கு அழைத்துப் போனார்கள். கடைக்காரர் வழக்கம்போல 'ஆலமரம் சாய்ந்தது' என்று போட்டு வைத்திருந்தார்.

மகள் ஒப்பவில்லை. "எங்கம்மா இத்தூண்டு இருக்கும் சார். அது எங்க ஆலமரம்? மல்லாட்டைச் செடின்னு போடுங்க. மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. புடுங்குனாதான் தெரியும், கீழ எத்தினியத் தாங்கிக்கினு இருந்துச்சுன்னு."

"ஊரே சிரிக்கும், போ. செத்தும் அம்மா கூலிக்காரியாவே இருக்கணுமா?" என்றான் அண்ணன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். செய்தியில் உவமை வந்தால் அடித்துவிடுவது என் வழக்கம். இதை அடிக்கக் கை வரவில்லை. அவள் சொன்னதையே எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் பேனர் ஏறியது. அஞ்சலையோடு வேலைக்குப் போன பெண்களுக்கு ஒருத்தி அதைப் படித்துக் காட்டினாள். யாரும் சிரிக்கவில்லை. "அவளேதான்டி," என்றாள் ஒரு கிழவி. அதுவரை அழாத மகன் அப்போதுதான் அழுதான்.

எழுதும்போதே கண் சொக்குகிறது. இமைக்குள் ஈர மண். இருட்டில், சத்தமே இல்லாமல், காய்கள் திரண்டுகொண்டிருக்கின்றன.