பெண்ணழைக்க ஒரு எம்ஜி

நாரிஸ் ரோடு,
20-10-1957

தியோங் பாருவின் வேகப்புலி, என் மைத்துனர் மருதப்பனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. என் வலது மணிக்கட்டு நலமாயில்லை. இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

நாம் சேர்ந்து வாங்கிய எம்ஜி காரில் தீப்பொறி முந்தி வரவேண்டும் என்பது உம் கட்சி, பிந்தி வரவேண்டும் என்பது என் கட்சி. உம் வாரத்தில், தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை நீர் ஒரு பக்கம் திருகுவீர். என் வாரத்தில் நான் மறுபக்கம். மகள் லீலா கல்யாணத்தன்று பெண்ணைத் தாய்மாமன்தானே கோயிலுக்குக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்று விட்டுக்கொடுத்து, நேற்று நீர் போட்டுவைத்த சிவப்புக் குறிக்கே திருப்பிவைத்தேன். இன்ஜினைக் கிளப்ப முன்பக்க ஹேண்டிலைச் சுற்றினேன். அது திருப்பி அடித்த அடியில், என் தொந்தி சகிதம் சாக்கடையில் உட்கார்ந்தேன். உம் அக்கா எட்டிப் பார்த்து, "அங்க என்னங்க வேல ஒங்களுக்கு?" என்கிறாள்.

கொலைகாரக் குறி ஐயா அது!

வேலாயுதம்

*

தியோங் பாரு,
22-10-1957

அத்தான்,

சாக்கடைத் தரிசனம் எனக்குக் கிடைக்கவில்லையே!

என் குறி பெயின்டில் இழுத்த கோடு. நீங்கள் பார்த்து வைத்தது குங்குமப் பொட்டு! ஆயுத பூஜைக்கு அக்கா இன்ஜின் முழுக்க வைத்தாளே, மறந்துவிட்டதா? ரேடியேட்டரிலும் ஒன்று இருக்கிறது. அதையும் எதற்காவது திருகிப் பாருங்கள்.

போனவாரம் வண்டியை எடுத்த அன்று, திருகுமுன் உங்கள் பிந்திய தீப்பொறியோடு புக்கிட் தீமா மேட்டில் ஊர்ந்தேன். மணல் லாரிக்காரன், "தள்ளிவிடணுமா லா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனான். லீலாவை நான்தான் காரில் கூட்டிவருவேன், தீப்பொறியை என் பெயின்ட் கோட்டில் வைத்து. தாய்மாமன் உரிமை.

மருதப்பன்

*

நாரிஸ் ரோடு,
25-10-1957

மருதப்பனாரே,

பொட்டைப் பற்றி நீர் அடித்த கேலியை உம் அக்கா இரண்டு முறை வாசித்தாள். "அவன் வண்டியத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

பத்தாம் தேதி கல்யாணத்துக்கு வாரும், சாப்பிடும். காரை ஓட்டப்போவது நான், கைக்கட்டோடு. பெண் ஊர்வலம் போகும் வேகத்துக்கு என் தீப்பொறியே போதும்.

வேலாயுதம்

*

தியோங் பாரு,
11-11-1957

அத்தான்,

கல்யாணத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை உங்கள் கார் கொட்டகைக்கு வந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் ஆர்மைக் கழற்றியது நான்தான். கட்டைவிரல் அளவுத் துண்டு. அது இல்லாவிட்டால் தீப்பொறி முந்தியும் வராது, பிந்தியும் வராது. வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? உரிமையைக் கெஞ்சியா வாங்குவார்கள்? கார் கிளம்பாவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவீர்கள், வந்து மாட்டி நானே ஓட்டுவேன் என்றிருந்தேன். விடிந்ததிலிருந்து கோட்டும் தலைப்பாகையுமாக, சர்க்கஸ் கோமாளிபோல் வாசலில் நின்றேன். முகூர்த்த நேரம் தாண்டியது. ஒருவரும் வரவில்லை.

லீலா எப்படிக் கோயிலுக்குப் போனாள்? என்னைக் கேட்டாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

மருதப்பன்

*

நாரிஸ் ரோடு,
14-11-1957

திரு. மருதப்பன் அவர்களுக்கு,

கேட்டதற்குப் பதில்.

மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்க, இடது கையால் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போனேன். லீலா கூறைப்புடவையோடு இறங்கிவந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"மாமாதான் எடுத்திருக்காரு."

"ஆள் அனுப்பட்டுமா?" என்றேன்.

"வேணாம்ப்பா. அவருக்கு என்னைவிட இந்த இன்ஜின்தான் பெரிசு."

எதிர்வீட்டு ஜமால் முகம்மது தன் மோரிஸ் டாக்சியில் அவளைப் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்ததும் உம் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ஜமால் முகம்மதையே கூப்பிட்டாள்.

தாய்மாமனுக்கென்று எடுத்துவைத்த பட்டு வேட்டியையும் அவர் தோளிலேயே போட்டோம். அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

வேலாயுதம்