ஒரு மடக்குத் தண்ணீர்

தாராவி, பம்பாய்
8-5-1966

அன்புள்ள அண்ணன் செல்லத்துரை அவர்களுக்கு,

தங்கை தங்கமயில் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் மகள் சண்முகவடிவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கப் போவதில்லை. நாலு பக்கம் திட்டி எழுதத் தெம்பு இருந்தால் உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

சண்முகவடிவு மன்னிப்பு எழுதிக் கொடுக்கும்வரை நாங்கள் உங்கள் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கொடுக்க மாட்டாள். அவளே மனசு மாறினாலும் நான் விடமாட்டேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அழகிப் போட்டியில் ஜெயித்து, கிரீடத்தோடு அவள் படம் இங்கிலீஷ் பேப்பரில் வந்தபோதும் இப்படித்தான் எழுதினீர்கள். அப்போது நானும் உங்கள் கட்சி. கிரீடத்தை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு, ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சினிமாக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்தார்கள். எங்கள் சந்துக்குள் கார் நுழையாமல் இறங்கி நடந்தார்கள், சாக்கடையில் காலை விட்டதுதான் மிச்சம். இவள் மெடிக்கல் காலேஜ் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பாவிடம் போய் நின்றாள். படித்து முடித்து இந்தத் தாராவியிலேயே டாக்டராக உட்கார்ந்தாள்.

மாசி மாதம் தோல் பட்டறைப் பூதத்தானின் பெண்சாதி பிரசவமான நாலாம் நாள் இறந்துபோனாள். பச்சை உடம்பில் தண்ணீர் இறங்கினால் ஜன்னி வரும் என்று, காய்ச்சலில் கொதித்தவளுக்கு ஒரு சொட்டு கொடுக்கவில்லை. இவளைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை.

போன மாதம் அதே போட்டிக்காரர்கள் இந்த வருஷத்து அழகிக்குக் கிரீடம் வைக்க இவளை அழைத்தார்கள். வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தவள் விடவேயில்லை. பிரசவமான எங்கள் பெண்கள் தாகத்தில் சாகிறார்கள் என்றாள். தாராவிக்குக் குழாயும் பிரசவ ஆஸ்பத்திரியும் எங்கே என்று கேட்டாள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது.

நம் ஊர்க்காரர்கள் சங்கத்துக்கு ரோஷம் வந்தது. தலைவர் நயினார், "நான் மேடையில் சொன்னதெல்லாம் பொய்" என்று அவள் சொல்வதுபோல அவரே ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்துக் கேட்டார். போடாவிட்டால் அவள் நோயாளிகளைப் பார்க்கும் சங்கத்து அறையைப் பூட்டிவிடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளை அழைத்தார்கள். அழைக்காமலே நானும் போனேன். பெண்கள் பேசும் இடமில்லை என்றார்கள். "எது பொய் அண்ணாச்சி? எங்க வீட்டுலேயே நடந்திருக்கு. நானே செஞ்சிருக்கேன்" என்றேன். சண்முகவடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே சொன்னதை உங்களிடம் இருபத்துமூன்று வருஷமாகச் சொல்லவில்லை. தங்கத்தாய் மதினி தாயில்லாப் பெண் என்று உங்கள் மகள் பேராச்சி பிறந்த பிரசவத்தை நம் வீட்டிலேயே வைத்தோம், அல்லவா? மூன்றாம் நாள் மதினிக்கு உடம்பு அனலாக இருந்தது. "ஒரு மடக்குத் தண்ணி தா தாயி" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நான் செம்பை எடுத்துக் கை எட்டாதபடி உறியில் வைத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் வைத்தேன். விடியும்போது மதினி இல்லை. நீங்கள் விதி என்றீர்கள், நானும் தலையாட்டினேன். விதி இல்லை அண்ணா, நான்தான். என்னைத் திட்டி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் மகளை மட்டும் பொய்க்காரி என்று சொல்லாதீர்கள்.

திங்கட்கிழமையே அறையைப் பூட்டிவிட்டார்கள். உங்கள் மச்சான் தன் மளிகைக் கடை முன்புறத்து மூட்டைகளை உள்ளே தள்ளி மேஜை போட்டுக் கொடுத்தார். உளுந்துக்கும் மிளகாய்க்கும் நடுவில் ஆஸ்பத்திரி நடக்கிறது. கூட்டம் முன்னைவிட அதிகம். இரண்டாம் நாளே நயினாரின் மருமகள் பின்வாசல் வழியாக வந்து ஊசி போட்டுக்கொண்டு போனாள். கிரீடத்தை டின்னிலிருந்து எடுத்துத் துடைத்து மருந்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பேராச்சிக்கு இது எட்டாம் மாதம். அவளும் தாயில்லாப் பெண். அவள் தலைமாட்டில் யார் நிற்பார்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இந்த மாதக் கடைசியில் நானும் சண்முகவடிவும் தாதரில் ரயில் ஏறுகிறோம். மருந்துப் பெட்டி கொண்டுவருவோம், மன்னிப்புக் கடிதம் கொண்டுவர மாட்டோம். கதவைச் சாத்தினால் தெருவில் உட்கார்ந்திருப்போம், நான் வெட்கப்பட மாட்டேன்.

ஒருவேளை நாங்கள் வருமுன் வலி கண்டுவிட்டால், யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து, பேராச்சிக்குக் கை எட்டும் இடத்தில் நீங்களே வையுங்கள். கேட்டால் கொடுங்கள் அண்ணா. கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

பேராச்சியும் அவள் பிள்ளையும் நூறு வயது இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
தங்கமயில்