கத்தியின் மேல் பழி

அக்டோபர் 6, 2018

கைப்பிடி மறுபடியும் கீழே தொங்குகிறது. சில வாரங்களாக இதே கதை. இலக்கு மரக்கட்டையிலிருந்து நான்கு தப்படி, காற்றில் ஒரே ஒரு சுற்று. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எறிகிற எறி. இப்போது கத்தி சுற்றை முடிக்காமலே போய் மோதுகிறது. முனை மேலே, பிடி கீழே, அப்புறம் டொங்கென்று தரையில்.

டெல்பர்ட் தன் களஞ்சியத்தில் சனிக்கிழமைதோறும் எறிய இடம் தருகிறான். அதனால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைப்பு. "கொஞ்சம் பின்னால போ லவோன். தூரம் கூடினா சுத்து முடிஞ்சிரும்" என்றான். போனேன். ஒன்று குத்தி நின்றது, அடுத்தது விழுந்தது. இன்னும் அரைத் தப்படி போனேன். "இப்படியே போனா மிசௌரிய விட்டு ஆர்கன்சா எல்லையத் தாண்டிருவ, பாத்து!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

கத்திதான் சரியில்லை. சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய மூன்று கத்திகள். மலிவுச் சரக்கு தன் புத்தியைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 9

பள்ளிக்கூடப் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நேராக வீட்டுக் கராஜுக்கு. மூன்றையும் சாணையில் பிடித்தேன். இவற்றுக்குக் கூர்விளிம்பு தேவையே இல்லை, முனை போதும். அதையும் ஊசியாக விடக்கூடாது, வளையும். விளிம்பை மழுக்கினேன், முனையைக் கொஞ்சம் உருட்டினேன், மரப்பிடியின் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்துப் பிடியைக் கழற்றி எறிந்தேன். நாலு இழுப்புக்கு ஒருமுறை காப்பி டப்பாத் தண்ணீரில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் எஃகு நீலம் பாரித்துப் பதம் போய்விடும்.

ஒன்று நீலம் பாரித்தேவிட்டது. கவனமாகத்தான் இருந்தேன். கை எடுக்க நேரமாகிவிட்டது.

அக்டோபர் 20

தேறவில்லை. ராய்ஸிடம் சொன்னேன், எடை முழுக்க முனைப் பக்கம் இருக்கிறது, பின்னால் ஈயம் கட்டிப் பார்க்கப் போகிறேன் என்று. என் கணவனுக்குக் கத்தியில் எந்தப் பக்கம் முனை என்பதே சந்தேகம். தீவனக் கடையில் மூட்டை தூக்குகிறவன். ஆனாலும் கருத்து சொல்லாமல் இருப்பானா?

"கத்தி மாத்தியாச்சு, பிடி மாத்தியாச்சு, நிக்கிற இடத்த மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணுதான் இருக்கு."

"என்ன?"

"நீ."

அவன் தட்டிலிருந்த கேக்கைப் பிடுங்கி நாய்க்குப் போட்டேன்.

நவம்பர் 3

ஈயமும் உதவவில்லை.

நவம்பர் 22

நன்றி நாள் விருந்துக்கு ராய்ஸின் தங்கை குடும்பம் முழுக்க வந்திருந்தது. உருளைக்கிழங்கு அடிப்பிடித்துத் தீய்ந்திருக்கிறது, பக்கத்திலேயே நின்ற எனக்கு வாசனையே தெரியவில்லை. "சளி" என்றேன். எனக்குச் சளியே இல்லை.

சட்டைப் பொத்தான் போட இவ்வளவு நேரமா என்று ராய்ஸ் கதவுக்கு வெளியிலிருந்து கத்தினான். இந்த ஊரில் பொத்தான் ஓட்டையைக் கூட இப்போது சின்னதாகத்தான் வைக்கிறார்கள்.

டிசம்பர் 15

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் எழுதி முடித்தேன். ராய்ஸ் ஒன்றை எடுத்து மூக்குக்கு அருகே கொண்டுபோனான். "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் அனுப்பிரு." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டேன்" என்றான்.

எதற்கு? பேனா சரியில்லை என்பதற்கா?

எனக்குத் தெரியும் அவன் எதைச் சொல்கிறான் என்று. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு டாக்டர் என்றால் சும்மா டாக்டர் இல்லை. ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பதினெட்டு வருஷத்து வேலை அப்படியே நின்றுவிடும். அந்த மஞ்சள் பஸ்ஸை எடுத்துவிட்டால் நான் யார்? தீவனக் கடை ராய்ஸின் மனைவி. வயது ஐம்பத்தெட்டு.

ஜனவரி 17, 2019

காலையில் பள்ளத்துச் சாலைத் திருப்பத்தில் பஸ்ஸின் வலதுபுறக் கண்ணாடி, என் பஸ்ஸில் ஏறும் சின்னப் பெண் ஹேடியின் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துவிட்டது. கம்பம் ஒடிந்து ஓடைப் பக்கம் விழுந்தது. பனி. சாலை முழுக்கப் பாலாடைபோல் பனி. அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். பள்ளி வண்டிகளை மேற்பார்வையிடும் நெல்டாவும், "இந்தக் குளிர்ல ஒரு பெட்டிதானே, விடு" என்றாள்.

அந்தப் பொடிசுக்கு இன்று காய்ச்சலாம். ஏற வரவில்லை.

ஜனவரி 18

பனி இல்லை. அந்தத் திருப்பத்தில் நேற்று காலைக்கு முன்பே பனி உருக உப்புத் தூவியிருந்தார்கள். போகட்டும்.

பிப்ரவரி 9

கண்டுபிடித்துவிட்டேன்! இவ்வளவு நாள் ஏன் தோன்றவில்லை? கத்தி நீளமாக இருந்தால் சோம்பலாகச் சுற்றும். குட்டையாக இருந்தால் விரசாகச் சுற்றும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பன்னிரண்டங்குலக் கத்திகள் மூன்றின் பிடிமுனையிலும் ரம்பத்தால் ஓர் அங்குலத்தை நறுக்கினேன். பரவாயில்லை. இன்னோர் அங்குலம். அப்புறம் பிசிறை அரத்தால் ராவி, கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி, அதே நான்கு தப்படியில் நின்று எறிந்தேன்.

தக். தக். தக்.

மூன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கின்றன! ராய்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? நானில்ல, கத்திதான்." அவன் கத்திகளைப் பார்க்காமல் என் கையையே பார்த்தான். பிறகு "நல்லது" என்றான். ஒரு வார்த்தை. மனுஷனுக்குச் சந்தோஷப்படக் கூடக் கஞ்சத்தனம்.

மார்ச் 2

டெல்பர்ட் என் குட்டைக் கத்திகளை எடுத்து எறிந்து பார்த்தான். மூன்றும் சுற்றை முடித்து அதற்கு மேலும் சுற்றி, முனை தரையைப் பார்க்க, கட்டையில் பட்டுத் தெறித்தன. ஒன்று அவன் காலணிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி. "என்னடி இது, பேய் பிடிச்ச கத்தி!" என்றான். "என்னைத் தவிர யார் சொல்லையும் கேக்காது" என்றேன். என் கையை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருக்கிற கத்தி. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

இரண்டு வாரத்தில் ரோலா ஊருக்குப் பக்கத்தில் வட்டாரக் கத்தியெறிப் போட்டி.

மார்ச் 16

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலைச் சுற்றில் ஐந்துக்கு நாலு. எனக்கு ரொம்பத் திருப்தி. மதியம் எல்லோரும் பன்றிக்கறி ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது டெல்பர்ட் என் கத்திகளை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். "யாராவது ஒருத்தர் குத்தி நிக்க வச்சிருங்க, என் தொப்பிய எடுத்துக்குங்க!" ஆளாளுக்கு வந்தார்கள். எல்லாம் தெறித்தது. ஒரே கும்மாளம்.

மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எமெட் என்று பெயர், ஆற்றங்கரை ஊர்க்காரர். இதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்திருக்கவே கொஞ்ச நேரமாயிற்று. மெதுவாக வந்து என் கத்திகளை வாங்கினார், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார், நான்கு தப்படியில் நின்றார்.

தக். தக். தக்.

கூட்டம் ஹோவென்று கத்தியது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தான். அவர் சிரிக்கவில்லை. கத்திகளைப் பிடுங்கி எடுத்து வந்து, யார் காதிலும் விழாமல் கேட்டார்:

"உங்களுக்கு எப்போ ஆரம்பிச்சதும்மா?"

"எது?"

கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரல் தானாக உருட்டிக்கொண்டிருந்தது, மாத்திரை உருட்டுகிற மாதிரி. "எனக்குப் பார்க்கின்சன், நடுக்குவாத நோய். ஆறு வருஷமாச்சு. மணிக்கட்டு சுண்ட மாட்டேங்குது, கத்தி அரைச் சுத்துல போய் நிக்குது. நானும் வெட்டி வெட்டித்தான் பாத்தேன். இது எனக்குன்னே வெட்டின மாதிரி இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "என் கைக்குச் சரியா இருக்கிற கத்தி வேற யார் கைக்கும் சரியா இருக்கக் கூடாதும்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. கத்திகளை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என்ன மனுஷி நான்! ஒரு நோயாளியின் கையிலிருந்து வெடுக்கென்று. மதியச் சுற்றில் எறியாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 17

ராய்ஸுக்குத் தெரிந்திருக்கிறது! தீபோல் எரிகிறது மனசு. நன்றி நாளிலிருந்தே தெரியுமாம். நடக்கும்போது என் வலது கை வீசுவதில்லையாம், பையில் எதையோ வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி நடக்கிறேனாம். ஏன்யா சொல்லல என்று கத்தினேன்.

"சொன்னேன். நீ பேனா சரியில்லன்ன. ஓட்ட சின்னதுன்ன. சளின்ன."

"கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

"உன்னையா?" என்றவன் அழுதுவிட்டான். முப்பத்தாறு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்தது அவன் அப்பா போனபோதுதான். இன்று இரண்டாவது.

அப்புறம் அந்தத் தபால் பெட்டி. பகல் முழுக்க அதுவே கண்முன். ஹேடி தினமும் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள், ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி. அன்றைக்குக் காய்ச்சல். காய்ச்சல் இல்லாமலிருந்திருந்தால்? ஸ்டீயரிங்கைத் திருப்பு என்று கைக்குச் சொன்னேன், கை தாமதமாகத் திருப்பியது. பனி இல்லை. பனியே இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும், கடவுளே, அன்றைக்கே தெரியும்.

மார்ச் 18

பஸ் சாவியை நெல்டாவிடம் கொடுத்தேன். தபால் பெட்டியைப் பற்றி உள்ளதைச் சொன்னேன். அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னாள், எழுதினேன். "போட்டி எப்படி இருந்தது?" என்று கேட்டாள், பாவம், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

ஹேடியின் அம்மாவிடமும் போனேன். கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 11

நரம்பு டாக்டர். விரலைத் தட்டு, நட, திரும்பு, உட்கார். கால் மணிகூட ஆகவில்லை, சொல்லிவிட்டார். எமெட் சொன்னதுதான். மாத்திரை தினம் மூன்று வேளை. இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிட்டால் சில சமயம் மருந்து வேலை செய்யாதாம். மிசௌரிக்காரியிடம் இறைச்சியைத் தள்ளி வை என்கிறார்.

ஏப்ரல் 14

மூன்று நாளாக மாத்திரையால் பலன் ஒன்றும் இல்லை. வாந்தி மட்டும்.

ஏப்ரல் 30

காலையில் பொத்தான்களைப் போட்டு முடித்தபிறகுதான் கவனித்தேன், போட்டுவிட்டேன் என்று. நினைக்கவே இல்லை, கை தானாகப் போட்டிருக்கிறது.

கராஜுக்குப் போனேன். குட்டைக் கத்தியை எறிந்தேன். தெறித்தது! டெல்பர்ட்டுக்குத் தெறித்த மாதிரியே! அந்த மூன்றுக்கும் முன்னால் வாங்கிய பழைய நீளக் கத்தி ஒன்று நறுக்காமல் மிச்சமிருந்தது. அதை எறிந்தேன். தக்.

உட்கார்ந்து அழுதேன். ராய்ஸ் ஓடிவந்து, "என்னாச்சு, வெட்டிக்கிட்டியா?" என்றான். கட்டையைக் காட்டினேன். என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான், இடுப்பில் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவனாம்!

மே 3

நெல்டா போன் செய்தாள். டாக்டர் காகிதம் கொடுத்தால் திரும்ப வரலாமாம், மேலே பேசிவிட்டாளாம். ஓட்ட ஆள் கிடைக்கவில்லை, இருக்கிற ஓர் இளவட்டத்தை வைத்து இரண்டு தடத்தை ஓட்டுகிறார்கள். பிள்ளைகள் இருட்டில் எழுந்து நிற்கிறார்களாம். டாக்டரும் மறுக்கவில்லை. மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது, சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றார். ராய்ஸ் இன்றே பஸ்ஸைக் கழுவக் கிளம்பிவிடுவான் போலிருக்கிறது.

எனக்கும் ஆசைதான். ஆசை என்ன, பசி. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்டாள், சொல்லவில்லை. என் கைக்கு நானே வைக்கும் சோதனை: பிள்ளைகளை வீட்டில் விடும் நேரம், தினமும் மூன்று மணிக்கு, நீளக் கத்தி. ஒரே ஓர் எறி.

மே 6

நின்றது.

மே 7

நின்றது. அசையவில்லை.

மே 8

விழுந்தது. மதியம் கறி எதுவும் சாப்பிடவில்லை. மாத்திரையை நேரத்துக்கு விழுங்கினேன். நன்றாகத் தூங்கியும் இருந்தேன். காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. குட்டைக் கத்தியை எறிந்தேன். ஆணியடித்த மாதிரி நின்றது.

ராய்ஸ் கதவருகே இருந்தான். "இன்னொரு தடவை எறியேன்" என்றான். முடியாது என்றேன்.

மே 9

நின்றது.

மே 10

நின்றது. நெல்டாவைக் கூப்பிட்டேன்.

"என்ன முடிவு பண்ணின?"

"அஞ்சுக்கு நாலு" என்றேன். என்ன செய்தேன் என்று விளக்கிச் சொன்னேன்.

"அது நல்ல கணக்குதானே லவோன்? போட்டியில பரிசே கொடுப்பாங்க."

"போட்டியில கொடுப்பாங்க" என்றேன்.

பஸ் சாவி அவளிடமே இருக்கட்டும் என்றேன். சரி என்றாள். அந்த இளவட்டத்துக்குப் பள்ளத்துச் சாலைத் திருப்பம் பிடிபடவில்லையாம், என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். பாலத்தைத் தாண்டியதுமே வேகத்தைக் குறைக்கச் சொன்னேன், கண்ணாடியைப் பார்க்காமல் சாலையின் வலது ஓரத்தைப் பார்க்கச் சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்றாள். மெதுவாகச் சொன்னேன், அவள் எழுதி முடிக்கும்வரை.