ஒரு போலேயும் ஒரு கிளட்ச்சும்

ஜூன் 24, 2025, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டது: "இது கார் எண்ணெய். இதை ஊற்றினால் உங்கள் கிளட்ச் வழுக்கும்."

சொன்னது: "போலே."

குகன் அலமாரியிலிருந்து அந்தத் தங்கநிறப் போத்தலைத் தானே எடுத்துக் கவுண்டரில் வைத்து, "பிரைமரிக்கு ஊத்தணும், தங்கச்சி. இது போலேயா?" என்று கேட்டார். மலாய்ப் போலே. முடியுமா, சரியா, செய்யலாமா எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான். நானும் போலே என்றேன். அதே சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது. ஏதோ பதில் போலே. ஏதோ கடைக்காரி போலே.

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும் — அதுதான் கொடுமை. பரஞ்சோதி மாமாவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆள் வராத நேரத்தில் நாவல் படிப்பேன். நாவல் தீர்ந்தால் போத்தல்களின் முதுகைப் படிப்பேன். குகனின் பழைய மோட்டர்சைக்கிளுக்கு மூன்று வயிறு. எஞ்சினுக்கு ஒரு எண்ணெய், கியருக்கு ஒன்று, பிரைமரி என்கிற பக்கப் பெட்டிக்கு ஒன்று. அந்தப் பெட்டிக்குள்தான் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் முழுகிக் கிடக்கின்றன. முழுகியபடியே ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தால்தான் வண்டி நகரும். அந்தத் தங்கநிற எண்ணெயோ, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று, வழுக்குவதற்கென்றே மருந்து கலந்தது. காருக்கு நல்லது. இந்த மாதிரி மோட்டர்சைக்கிளுக்குப் போத்தலின் முதுகில் எம்.ஏ. என்று இரண்டு எழுத்து இருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் வாங்காத பட்டம். கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஊரில் எல்லாருக்கும் இது மின்யாக் ஹித்தாம், கறுப்பு எண்ணெய், அவ்வளவுதான். லாரிக்கும் அதுதான், காருக்கும் அதுதான். குகன் விலை கூடியதை எடுத்தால் நல்லது என்று நினைத்தார். வண்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

நான் ஏன் சொல்லவில்லை? கேட்கும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எழுதிப் பார்த்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அதுவும் தங்கச்சி என்று கூப்பிட்டபடி.

ஜூன் 25, புதன்

அந்த விலை கூடிய போத்தல் எங்கே என்று மாமா கேட்டார். குகன் வாங்கினார் என்றேன்.

"குகன் காடி வாங்கிட்டானா?"

காடி என்றால் இங்கே கார். கார் எண்ணெயை மோட்டர்சைக்கிளுக்கு விற்றேன் என்று சொல்வதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஆட்டினேன்.

ஆக, ஒரு மனிதருக்குக் கிளட்ச்சைக் கெடுத்து, மறுநாளே ஒரு காரும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

குகனுக்குச் சொந்த ஊர் செர்டாங். இங்கே புக்கிட் செலம்பாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. காலையில் எங்கள் கடை வழியாகத்தான் போவார். கடைக்கு முன்னால் சாலை கொஞ்சம் மேடு. இன்று அவர் ஏறும்போது சத்தம் முன்னால் போயிற்று, வண்டி பின்னால் வந்தது.

எஞ்சின் அலறுகிறது, சக்கரத்துக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. கிளட்ச் வழுக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். படித்தது அப்படியே நடப்பதைப் பார்த்ததில் ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. என்ன ஜென்மம் நான்?

எனக்கு மோட்டர்சைக்கிள் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் இல்லை. கிளட்ச்சைப் பற்றி எனக்குத் தெரிந்தது காதலைப் பற்றித் தெரிந்தது மாதிரிதான். அச்சில் வந்ததெல்லாம் தெரியும்.

ஜூலை 3, வியாழன்

மாமா குகனுக்குப் பெண் பார்த்துவிட்டார்.

கோலா கெடாவில் மாமாவுக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர். அவருடைய மகள், பெயர் மோகனா. ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று குகனின் அம்மாவிடம் பேசி, அடுத்த வெள்ளிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. பெண் வீட்டாரிடம் மாமா போனில் சொன்னதை இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். "நல்ல பையன். குடி இல்லே, சிகரெட் இல்லே. இப்பதான் காடி வாங்கியிருக்கான்லா."

நான் ஆட்டிய தலை கோலா கெடா வரை போய்விட்டது.

ஜூலை 4, வெள்ளி

கடை லீவு. அம்மா காய் வாங்கப் பாசாருக்குப் போகக் கூப்பிட்டார். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை, யோசனை.

யோசனை இதுதான்: நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். கிளட்ச் இன்னும் ஒரு வாரத்தில் முழுசாகப் போய்விடும். வண்டி பாதி வழியில் நிற்கும். பெண் வீட்டார் கார் எங்கே என்று பார்ப்பார்கள், மோட்டர்சைக்கிள்கூட வராது.

இதை எழுதியபின் திரும்பப் படித்தேன். கதைகளில் வில்லிகள் விஷம் வைக்கிறார்கள், உயிலைத் திருத்துகிறார்கள். நான் எண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறேன். அதுவும் ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு.

ஜூலை 6, ஞாயிறு

குகன் கடைக்கு வந்தார். வண்டி இழுக்கவில்லை என்று மாமாவிடம் சொன்னார். எண்ணெய் மாற்றினாயா என்று மாமா கேட்டதற்கு, "மாத்திட்டேன் அண்ணே. தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் ஊத்தினேன்" என்றார்.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். கேபிளைப் பாரு."

கேபிளை எடுத்துக் கொடுத்தது யார்? நான்தான். அதற்கும் ரசீது போட்டேன். காடி இருக்கிறவனுக்கு இந்த மோட்டோ எதற்கு என்று மாமா கேட்டார்; குகன் கேலி என்று நினைத்துச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஆள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

புதுக் கேபிள் போட்டும் பயனில்லை. இருந்தால்தானே ஆச்சரியம்.

நேற்றுச் சாயங்காலம் சுங்கை லாலாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தப் போயிருக்கிறார். பாதியில் வண்டி இழுக்கவில்லை. எதிரே இன்னொரு லாரி. முந்தவும் முடியாமல், பின்வாங்கவும் நேரமில்லாமல், இரண்டு லாரிக்கும் நடுவே நுழைந்து ஓரத்துப் புல்லில் போய் விழுந்தாராம். முழங்கையில் தோல் உரிந்திருக்கிறது. வாசலில் நின்று இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு வீட்டுக்குப் போறதுக்குள்ள மூஞ்சி மிச்சமிருக்கணும்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் அம்மாவும் பின்னால் உட்காருவார்.

வில்லி என்று எழுதி வைத்து ரசித்துக்கொண்டிருந்தேனே... அந்த லாரி இன்னும் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்திருந்தால்? எனக்கு என்ன வேணும்? அவரு அங்க போகக் கூடாது, அவ்வளவுதானே? அதுக்கு அவரு செத்தா போகணும்? ச்சீ.

ஜூலை 9, புதன்

சொல்லவில்லை. அவர் இன்று இந்தப் பக்கம் வரவில்லை என்று எழுதலாம். வந்தார்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் எதிர்த்த தே தாரேக் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். எம்.ஏ. போட்ட போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். அந்தக் கடைக்குள் நான் போனதே கிடையாது; பொட்டலம் வாங்க வாசலில் நின்றதோடு சரி. ஆம்பிளைகள் பார்த்தார்கள். போத்தலை அவர் மேசையில் வைத்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அண்ணே என்று கூப்பிட இன்று நாக்கு மறுத்துவிட்டது. அதனால் கூப்பிடாமலே ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு நீங்க எடுத்தது கார் எண்ணெய். கிளட்ச் தட்டு அதுல வழுக்கும். கேபிள்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நீதானே போலேன்னு சொன்னே, தங்கச்சி?"

"சொன்னேன்."

"தெரியாம சொல்லிட்டே."

நல்ல மனிதர். தப்பிக்க வழி திறந்து விட்டார். பத்து நாளுக்கு முன்னால் என்றால் நுழைந்து ஓடியிருப்பேன்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்லா?"

"நீங்க எதைக் காட்டிக் கேட்டிருந்தாலும் போலேன்னுதான் சொல்லியிருப்பேன்."

கிளாசைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார். புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை வாய் திறந்த ஊமைக்கு மூடத் தெரியாது போலிருக்கிறது. கார் விஷயத்தையும் சொன்னேன். மாமாவிடம் தலையாட்டியது நான், நாளைக்குப் பெண் வீட்டில் காரைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நாளைக்கு வரேன்னு அம்மா வாக்குக் கொடுத்துட்டாங்க" என்றார்.

தங்கச்சி என்று முடிக்கவில்லை. வேறு எதையும் சொல்லியும் முடிக்கவில்லை.

"அதுக்குத்தான் எண்ணெய் கொண்டாந்தேன்" என்றேன்.

எங்கள் கடைக்குப் பின்னால் வைத்து அவரே பெட்டியைத் திறந்தார். பழைய எண்ணெயை வடித்து, தட்டுகளைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். பக்கத்தில் நின்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளட்ச் தட்டை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பளம் அளவுதான்.

ஜூலை 11, வெள்ளி

கடை லீவு என்றாலும் போய் வாசலில் நின்றேன். காலையில் போனார்கள், அம்மாவும் மகனும். சத்தமும் வண்டியும் சேர்ந்தே மேடேறின.

ஜூலை 13, ஞாயிறு

மாமா மூலம் தெரிந்தது: பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்து, சாலையில் இரண்டு பக்கமும் காரைத் தேடியிருக்கிறார். உள்ளே போய் உட்காருவதற்கு முன்பே குகன் தன்னிடம் கார் இல்லை, யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், மோட்டோதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். யாரோ என்றுதான் சொன்னாராம். பெண்ணின் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மோகனாவுக்கு அதுதான் பிடித்துவிட்டதாம். கேட்காமலே உண்மையைச் சொல்கிற ஆள் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த உண்மையைச் சொல்வதற்கு முதலில் ஒரு பொய் வேண்டியிருந்தது. அது என் உபயம். கோவிலாக இருந்தால் டியூப் லைட்டில் பெயர் எழுதியிருப்பார்கள்.

யாரோ என்பது நான்தான் என்று மாமாவிடம் நானே சொன்னேன். "தலையாட்டறதுக்கு நீ என்ன பூம்பூம் மாடா?" என்றார். இல்லை மாமா, அதற்காவது மேளம் அடிக்க வேண்டும்.

எல்லாம் சரி. ராத்திரி தலையணையை நனைத்தேன் என்று மட்டும் எழுத மாட்டேன். கொஞ்சம்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நிச்சயம் முடிந்தது. போன வாரம் குகன் எண்ணெய் வாங்க வந்தபோது போத்தலைத் திருப்பி, முதுகைப் படித்துவிட்டு, நேராகக் காசைக் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வாடிக்கையாளர்.

ஜனவரி 23, 2026, வெள்ளி

கோலா கெடாவில் இன்று குகனுக்கும் மோகனாவுக்கும் கல்யாணம். காலையில் மாமா காரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பட்டுப் புடவையில் தயாராக இருந்தார். நீ கிளம்பவில்லையா என்று மாமா கேட்டார்.

"வரலே மாமா."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. போக மனசில்லே."

பின் சீட்டில் எனக்கு வைத்திருந்த இடத்தில் பரிசுக்கு வாங்கிய ரைஸ் குக்கரை வைத்து, சாய்ந்துவிடாமலிருக்கப் பெல்ட்டையும் போட்டுக் கொண்டுபோனார்கள்.