வெளிச்ச மீட்டரும் பாக்கியத்தின் உள்ளங்கையும்

சனி, அக்டோபர் 4

காலையில் மழை. பிறகு பிசுபிசு வெயில். மனைவி பாக்கியம் துணியைக் காயப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

இன்றிலிருந்து இதில் பேசி வைப்பது. மகள் கவிதா ஹேண்ட்போனில் செய்து கொடுத்தாள். நான் பேசினால் எழுதிக்கொள்ளும், கேட்டால் வாசித்தும் காட்டும். எனக்கு எழுத்து வராது. எண் வரும். ரயில்வேயில் பெட்டி எண் பார்த்தே காலம் ஓடிவிட்டது.

தீபாவளி வருகிறது. படம் எடுக்க வேண்டும்.

கூடத்துச் சுவரில் பாக்கியம் படம் படமாக வரிசையாக நிற்கிறாள். கல்யாணமான வருடத்திலிருந்து. தீபாவளிக் காலை, எண்ணெய்க் குளியல் முடிந்து, புதுச்சேலையில், வாசல் கதவுப் பக்கம். அதே கேமரா, அதே பிலிம் வகை. வருடத்துக்கு ஒரு படம். இரண்டாவதுக்கு நிற்கமாட்டாள், அடுப்பில் எண்ணெய் காயும். கடைசிச் சட்டத்தில் மட்டும் ஆள் இல்லை. இருட்டு, அதில் ஒரு மூக்குத்தி, கொஞ்சம் சேலைக் கரை. போன வருடத்துப் படம்.

கேமராவுக்குள் இருக்கும் வெளிச்சம் அளக்கிற மீட்டர் செத்து எத்தனையோ வருடம். எனக்கு அது தேவைப்படவில்லை. பிலிம் பெட்டியில் சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டிருக்கும், பக்கத்தில் எண். அதைப் பார்த்துப் பழகினேன். பிறகு கண்ணே சொல்லிவிடும். போன வருடம் தீபாவளிக்கு முன்னால் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது அந்தக் கண்ணுக்கு எல்லாம் பளிச். இடது கண்ணுக்கு எல்லாம் தேத்தண்ணி நிறம். இரண்டும் இரண்டு எண் சொல்கின்றன.

பாக்கியம் சுவரைத் துடைத்துக்கொண்டே:

"இந்த வருசமும் இருட்டா வந்துச்சுன்னா இனிமே நான் நிக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மீட்டர் வாங்கியே ஆக வேண்டும். கையில் பிடிக்கிற மாதிரி. சட்டைப் பையில் அடங்க வேண்டும். எழுத்து இருக்கக்கூடாது, எண் போதும். விலை கையைக் கடிக்கக்கூடாது.

செவ்வாய், அக்டோபர் 7

வெக்கை. கொமியூட்டர் ரயில் ஏறி கிள்ளான். என்னோடு ரயில்வேயில் இருந்த அந்தோணி வீட்டுக்கு. அவனிடம் பழைய மீட்டர் இருக்கிறது, ஊசி வைத்தது. பேட்டரியே வேண்டாம். "சும்மா எடுத்துக்கடா" என்றான்.

முற்றத்து வெயிலில் ஊசி துள்ளியது. வீட்டுக்குள் கொண்டுபோனால் படுத்துவிட்டது. தட்டினேன். அசைவு இல்லை.

"டேய், இது செத்துப்போச்சுடா."

"சாகலடா. தூங்குது. வெயில் வந்தா எந்திரிக்கும்."

"தீபாவளிக் காலையில என் வாசல்ல ஏதுடா வெயில்?"

"அப்போ பாக்கியத்த மத்தியானம் குளிக்கச் சொல்லு லா."

அவன் மனைவி மீன் குழம்பு போட்டாள். நல்ல குழம்பு. ஊசியை அவனிடமே விட்டு வந்தேன்.

வியாழன், அக்டோபர் 9

கவிதா கூப்பிட்டாள். "அப்பா, போன்லயே அளக்கலாம்பா. காசே இல்ல. நான் போட்டு விடுறேன்." வந்து போட்டும் விட்டாள். வாசலில் நின்று பிடித்தேன். எண் வந்தது. பார்ப்பதற்குள் திரையில் ஒரு பெண் வந்து ஷாம்பூ விற்றாள். அவளை அனுப்பினால் ஒரே எழுத்து. எதைத் தொடுவது? ஷாம்பூப் பெண் திரும்ப வந்தாள்.

பாக்கியம் எட்டிப் பார்த்து, "யாருங்க அது?"

அதை போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

சனி, அக்டோபர் 11

மேகம். எல்ஆர்டி ரயிலில் பெட்டாலிங் ஜெயா. மாடியில் ஒரு பிலிம் கடை. கடைக்கார தவுக்கே சின்ன வயதுதான், காதில் கடுக்கன். மலாயில் பேசினோம். கண்ணாடி மேல் மூன்றை வைத்தான்.

ஒன்று: வெள்ளை உருண்டை வைத்தது. முகத்துப் பக்கம் பிடித்தால் அங்கே விழுகிற வெளிச்சத்தை அளக்கும். நல்ல சாமான். ஆனால் பாக்கியத்தின் பல் செட்டை விட விலை. பையிலும் அடங்கவில்லை.

இரண்டு: பளபள திரை. உள்ளே போனால் எழுத்து, அதற்குள் இன்னும் எழுத்து. வேண்டாம்.

மூன்று: தீப்பெட்டி அளவு. கேமரா தலையிலும் மாட்டலாம், கையிலும் பிடிக்கலாம். இரண்டு சக்கரம், எண் மட்டும். எந்தக் கடையிலும் கிடைக்கிற பொத்தான் பேட்டரி. விலையும் தாங்கும்.

என் வெள்ளைச் சட்டையைக் காட்டினேன், ஓர் எண். கறுப்புக் குடையைக் காட்டினேன், எண் எங்கோ போய்விட்டது. "கெட்டுப்போனதா?" என்றேன். தவுக்கே சிரித்தான்.

"அங்கிள், இதுக்கு உலகமே சாம்பல் கலர். வெள்ளையக் காட்டினா வெளிச்சம் ஜாஸ்தின்னு நினைக்கும். கறுப்பக் காட்டினா இருட்டுன்னு நினைக்கும்."

"அப்போ எதைக் காட்டுறது?"

கையை விரித்தான். "உள்ளங்கை. சீனன், தமிழன், மலாய்க்காரன், எல்லாருக்கும் இது கிட்டத்தட்ட ஒரே கலர் லா. இதை அளந்துட்டு, அது சொல்றதுக்கு மேல ஒரு படி திறந்துவிடு. முடிஞ்சது."

என் கையை அவன் கை பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

மூன்றாவதை வாங்கினேன். பிலிம் ஒன்றும்.

புதன், அக்டோபர் 15

நாலு நாளாகக் காலையில் பழக்கம். பாக்கியம் வாசலில் நின்று கையை நீட்டுவாள். என் கையை அளந்தால் அவள் நிற்கிற இடத்து வெளிச்சம் வராது, அவள் கைதான் சரி. தினமும் ஐந்து புள்ளி ஆறு. ஒரு படி திறந்தால் நாலு; எண் குறையக் குறைய கேமராவின் வாய் அகலும், வெளிச்சம் கூடும். தவறாமல்.

எதிர்வீட்டு ஆன்டி: "என்ன பாக்கியம், கோயில் தீர்த்தம் வாங்குறியா?"

"இவரு கை ரேகை பாக்குறாரு. தினமும் அதே பலன்தான் சொல்றாரு."

வலது கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். கண்ணோரம் எவ்வளவு சுருக்கம். சொல்லிவிட்டேன், வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்குக் கண்ணு வந்ததுலேருந்து எனக்கு வயசாயிருச்சு" என்றாள்.

ஞாயிறு, அக்டோபர் 19

பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கூட்டம். தீபாவளிப் பாசார் சந்தையில் நடக்க இடமில்லை. முறுக்கு வாசம், பாட்டுச் சத்தம். கவிதா அம்மாவை இழுத்துப்போய் மருதாணிக் கடையில் உட்கார வைத்துவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றவள் இரண்டு கையையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

கையில் எடுத்துச் சாப்பிட முடியாது. நான்தான் சோறு ஊட்டினேன். "உருண்டை சின்னதா, சின்னதா" என்று அதட்டல். ரசம் தாடையில் வழிந்தது. துடைத்தேன்.

பிலிம் போட்டாயிற்று. மீட்டர் சட்டைப் பையில்.

திங்கள், அக்டோபர் 20. தீபாவளி

எண்ணெய்க் குளியல். கொஞ்சம் மேகம். அரக்குச் சிவப்புச் சேலை. பாக்கியம் வாசலில் நின்றாள், கையை நீட்டினாள். அளந்தேன். இரண்டு புள்ளி எட்டு. என்னடா இது? நேற்று வரை ஐந்து புள்ளி ஆறு. கண் சொன்னது, அதே வெளிச்சம்தான் என்று. மீட்டர் சொன்னது, இருட்டு என்று. கண்ணை நம்பித்தானே போன வருடம் கெட்டது. மேகம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். மீட்டர் சொன்னபடி, மேலே ஒரு படியும் திறந்தேன். இரண்டு. அழுத்தினேன். அவள் அடுப்புக்குப் போய்விட்டாள்.

இட்லி வைத்தாள். சட்னி ஊற்றினாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

உள்ளங்கை முழுக்க மருதாணி. நல்ல கருஞ்சிவப்பு. நேற்று அந்தக் கைக்காகச் சோறு ஊட்டியவன் நான். காலையில் எண்ணை மட்டும் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

கையின் கறுப்பை மீட்டர் இருட்டு என்று நினைத்துவிட்டது. இரண்டு படி கூடுதல் வெளிச்சம். முகம் வெளுத்து ஆவியாகிப் போயிருக்கும்.

"ஏன் சாப்பிடல? உப்பில்லையா?"

"இருக்கு."

சொல்லவில்லை. இன்னொன்று எடுக்கலாமா என்று மட்டும் கேட்டேன். "ஒண்ணுதான் எப்பவும். வெளிய ஆள் வந்தாச்சு பாருங்க" என்றாள். கவிதா, மருமகன், எதிர்வீட்டு ஆன்டி. நாள் முழுக்கச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி, அக்டோபர் 24

கடை இன்றுதான் திறந்தது. மீதிப் பிலிமை எடுக்காமலே சுற்றி, கொண்டுபோய்க் கொடுத்தேன். தவுக்கேயிடம் மருதாணியைச் சொன்னேன். அவனுக்கு விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"இது நான் யோசிக்கவே இல்ல, அங்கிள். திங்கள் வா."

வீட்டில் பாக்கியம் கேட்டாள். "வந்துருமா?" "வரும்" என்றேன். சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்து வைத்திருக்கிறாள்.

திங்கள், அக்டோபர் 27

கொட்டும் மழை. எல்ஆர்டியில் நனைந்தபடி நின்றேன்.

தவுக்கே படத்தை என் பக்கம் திருப்பினான்.

வெளுக்கவில்லை. பாக்கியம் இருந்தாள். அவள் கறுப்பு அவள் கறுப்பாகவே. ஆனால் கன்னத்து மரு தெரிந்தது, புருவத்துக்குள் அந்தச் சின்னத் தழும்பு தெரிந்தது, கண்ணோரச் சுருக்கம் எல்லாமே. வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தது. பின்னால் சுவர்தான் கொஞ்சம் வெளுப்பு.

"இந்த பிலிம் கூடுதல் வெளிச்சத்தத் தாங்கும். கம்மியாக் கொடுத்தாத்தான் செத்துரும்" என்றான். "ஆன்டி மாதிரி முகத்துக்கு எப்பவுமே இப்படிக் கொடுத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து மாட்டினேன். பாக்கியம் கண்ணாடி போட்டு வரிசையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பிலிம் பெட்டிச் சூரியனை நம்பி நான் எடுத்த அத்தனையிலும் சேலை நன்றாக இருக்கிறது, முகம் நிழலில் இருக்கிறது. இன்றுதான் எனக்கும் தெரிகிறது.

கடைசிப் படத்தில் நின்றாள். ரொம்ப நேரம்.

மருதாணி விஷயத்தைச் சொன்னேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தன வருசமா வேண்டியிருந்தது ஓசியில கிடைக்கிற இந்த இலைதானா" என்றாள்.

போன வருடத்து இருட்டுப் படத்தைக் கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "அது இருக்கட்டும். உங்க கண்ணு எடுத்த படம்."

ஞாயிறு, நவம்பர் 2

மழை இல்லை. இடது கண்ணிலும் புரை எடுக்க நாள் சொல்லிவிட்டார்கள். கோழி வாங்க வேண்டும். அந்தோணி கூப்பிட்டான், அவன் மீட்டர் ஊசி எழுந்துவிட்டதாம்.

காலையில் பாக்கியம் படிக்கிற பேப்பரை எடுக்க வாசலுக்குப் போனேன். பாக்கியம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் கேட்கவே இல்லை. பையிலிருந்து மீட்டரை எடுத்தேன்.

இரண்டு புள்ளி எட்டு இப்போது நாலு. மருதாணி இறங்குகிறது.