இடது பக்கத்து வால்வு

மார்ச் 4
வயலின் இசைத்தட்டு போட்டேன். இடது பக்கம் மட்டும் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஒலிக்கிறது. கூடவே 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். இந்த ஆம்ப்ளிஃபயரை நானே பற்றவைத்துக் கட்டி ஒன்பது வருடமாகிறது. பழி போட வேறு ஆள் இல்லை. உள்ளே பல்பு மாதிரி எரியும் வால்வுதான் தேய்ந்திருக்கும்.

மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "எனக்கு நல்லாத்தான் கேக்குது." நீதிபதிக்கு மிஷின் சத்தமும் வயலினும் ஒன்று.

மார்ச் 7
வால்வுக்காரரிடம் பழைய சரக்கில் ஒரு ஜோடி. "இதப் போட்டுப் பாருங்க சார், பாடறவங்க பக்கத்துல வந்து உக்காந்துப்பாங்க" என்றார்.

யாரும் வந்து உட்காரவில்லை.

மார்ச் 8
அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்த இரைச்சல் காதிலேயே நிற்கிறது. அவ்வளவு மோசமான வால்வு.

மார்ச் 11
வேறொரு ஜோடி. குறித்து வைத்தது: "நடுப்பகுதியில் தேன், மேல்ஸ்தாயியில் கம்பளி." இப்படி எழுதுகிறவர்களை ஒரு காலத்தில் கேலி செய்திருக்கிறேன்.

"காதுல ஏதாவது அடைச்சிருக்கான்னு ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டுங்களேன்" என்றாள்.

"கெட்டது வால்வு. காட்ட வேண்டியது கடையில."

நல்ல பதில் என்றுதான் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 14
முறைப்படி சோதனை. இடது வால்வை வலதில் செருக வேண்டியது; குறையும் கூடவே போனால் வால்வு குற்றவாளி. போகவில்லை. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். போகவில்லை. கம்பிகளையும் மாற்றினேன். குறை இடது பக்கத்துக்குப் பட்டா வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இடது பக்கம் இருக்கும் ஒரே ஜன்னலின் திரைச்சீலைதான் ஒலியை விழுங்குகிறது என்று முடிவு செய்து கழற்றிவிட்டேன். அவள் தைத்தது.

மார்ச் 18
அலுவலகத் தொலைபேசியும் மந்தம். எழுத வலது கை வேண்டும்; அதனால் ரிசீவரை எப்போதும் இடது தோளில்தான் இடுக்குவேன். புதியது கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். நான் இருப்பது புகார்ப் பிரிவு. இருபது வருடமாக "முதல்ல உங்க பக்கம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன்.

மார்ச் 22
ஐந்தாவது ஜோடியும் அப்படியே. கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"மெதுவா பேசுங்க சார், பக்கத்துலதான் நிக்கறேன்" என்றார் வால்வுக்காரர்.

கத்தினேனா?

மார்ச் 29
அவள் குண்டூசியை உதட்டில் கவ்வியபடி வந்து நின்றாள். ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நூல் அறுந்துட்டே இருந்தா ஊசிய மாத்துவேன். நூல மாத்துவேன். அப்பறமும் அறுந்தா, என் கை துணிய ஒழுங்கா தள்ளுதான்னு பாப்பேன். எல்லாத்தையும் மாத்திட்டீங்கல்ல? அந்த நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

அவள் வாயை அடைப்பதற்காக ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

இடது ஸ்பீக்கர் தெளிவு. வலது மங்கல்.

இருபத்தைந்து நாளில் இன்றுதான் குறை இடம் மாறியது — என்னோடு.

ஏப்ரல் 1
காது டாக்டர் சின்னப் பெண். "நரம்புல பாதிப்பு சார். எப்ப ஆரம்பிச்சுது?"

நாட்குறிப்பு எழுதுகிறவனுக்கு இது ஒன்று வசதி; தேதியைச் சொன்னேன்.

பேனாவை மூடினார். "முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா மாத்திரைக்குக் கேட்டிருக்கும். இப்பவும் தர்றேன்… ரொம்ப எதிர்பாக்காதீங்க."

அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்தேன் என்பது என் கையெழுத்திலேயே இருக்கிறது. தேன். கம்பளி.

ஏப்ரல் 2
அவள் டாக்டரிடம் காட்டச் சொன்னது ஏழாவது நாள். கணக்கு அவளுக்கும் தெரியும். சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 19
மாத்திரை தீர்ந்தது. இரைச்சல் தீரவில்லை.

முதலில் கழற்றிய பழைய வால்வுகளையே திரும்பப் போட்டேன். அவற்றில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால், தையல் மிஷின் என் நாற்காலிக்கு வலது பக்கம் நகர்ந்திருக்கிறது. அங்கேதான் வெளிச்சம் நன்றாக வருகிறதாம்.

ஜன்னல் இருப்பது இடது பக்கம்.