நரிப்பனைவலசைக் கடற்கரைப் பாதையை ஒரு நாள் காலை திறந்துவிடக் கோரி

அனுப்புநர்
கோ. ஜெகதீஷ், டிப்ளமோ (மின்னணுவியல்),
கிழக்குத் தெரு, ராசிங்காபுரம்,
போடிநாயக்கனூர் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: நரிப்பனைவலசை ஊர்ப்பாதையை நீலத்திரை பீச் ரிசார்ட் வேலியிட்டு அடைத்திருப்பது – காலஞ்சென்ற என் மனைவியின் அஸ்தியைக் கரைக்க விடாமல் திருப்பி அனுப்பியது – பாதையைத் திறக்க உத்தரவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். என் மனைவி தமிழ்செல்வி மலையில் ஒரு தோட்டத்துக்கு ஜீப்பில் போய் ஏலக்காய் தரம் பிரித்து வந்தார். கடந்த ஆவணியில் அந்த ஜீப்பு கவிழ்ந்ததில் இறந்துபோனார். விபத்து குறித்து இம்மனுவில் முறையீடு ஏதும் இல்லை.

2. அதற்கு நான்கு மாதம் முன்பு, இந்தச் சித்திரையில், எங்கள் கல்யாண நாளுக்காக மேற்படி ரிசார்ட்டில் ஓர் இரவு தங்கினோம். அவர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பஸ் தாமதமாகிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. ஆறு மணிக்கு மேல் கடற்கரைக் கதவைப் பூட்டிவிடுவது அங்கே விதி. மறுநாள் காலை அலை பெரிதாக இருக்கிறதென்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள், யாரையும் விடவில்லை. நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்காரப் போனார். நைலான் உடுப்பு இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அவர் சேலை கட்டியிருந்தார். “கால நனைக்கிறதுக்கும் யூனிபாரமா?” என்று சிரித்தார். பிறகு வேலிக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “விடுங்க, அடுத்த தடவ வெரசா வந்து நனைச்சுக்கிறேன். கடலு எங்க போயிரப் போகுது” என்றார்.

அந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. அவை பாதுகாப்புக்கானவை என்று அன்றே அவரிடமும் சொன்னேன்.

3. எங்கள் பக்கத்தில் அஸ்தியை ஆற்றில் கரைப்பதுதான் வழக்கம். என் மாமா தவசியும், “ஆத்துல விட்டுட்டு ஆகவேண்டிய சோலியப் பாரு மாப்ளே” என்றார். மாமியார் சுப்புத்தாய் மட்டும், “எம்மக எங்க நின்னு கடலப் பாத்தாளோ அங்க கொண்டு போங்க மாப்ளே” என்றார். மகள் கைபட்ட காய் என்று சொல்லி, கலயத்துக்குள் ஒரு பிடி ஏலக்காயும் போட்டு வாயைத் துணியால் கட்டினார்.

4. அதே ரிசார்ட்டில் ஆன்லைனில் அறை பதிவு செய்தேன். எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் இரண்டு என்று போட்டேன். அது பொய் என்று அப்போது தோன்றவில்லை.

வாசலில் பையைச் சோதித்த காவலாளி, “என்ன சார், போடியா? ஏலக்காய் இந்த மணம் மணக்குது! வெளித் தின்பண்டம் உள்ள விடமாட்டோம், எடுத்து இங்கன வச்சிருங்க” என்று கையை உள்ளே விட்டார். அது என்னவென்று சொன்னேன். கையை எடுத்துக்கொண்டார். வரவேற்பறையில் இருந்த பெண், “ரெண்டு பேருன்னு போட்டிருக்கீங்க, மேடம் பின்னாடி வர்றாங்களா சார்?” என்று கேட்டார். கலயம் இருந்த பையை மேசைமேல் வைத்தேன். மேலாளர் வந்தார். “தனி ஆம்பளைக்கு இங்க ரூம் கிடையாது சார். இதத் தூக்கிட்டு உள்ள வந்தா மத்த கெஸ்ட்டெல்லாம் என்ன நெனைப்பாங்க? சந்தோஷமா இருக்க வர்ற எடம் இது” என்றார்.

நாங்களும் அதற்காகத்தான் அங்கே போயிருந்தோம் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. அறை வேண்டாம், கடற்கரைவரை போய்த் திரும்ப மட்டும் விடுங்கள் என்று கேட்டேன். விருந்தினர் அல்லாதவருக்கு வழி இல்லை என்றார். வேலி இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் வரை போகிறது. அவ்வூர் மீனவர் சின்ராசு என்பவர், “அது காலங்காலமா ஊர்ப்பாதை தம்பி. வேலி போட்டதுலருந்து நாங்களே சுத்தித்தான் போறோம். நீ எங்க படகுத்துறையில கரைச்சுக்க, எல்லாம் ஒரே தண்ணிதான்” என்றார். அவர் சொன்னது சரி. ஒரே தண்ணீர்தான் என்று எனக்கும் தெரியும். படகுத்துறை வரை போனேன். முடியவில்லை. இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியவில்லை.

6. கரைக்கக் கொண்டுபோன கலயத்தைத் திருப்பிக் கொண்டுவந்த ஆள் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். அதை வீட்டுக்குள் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. தெருமுனையிலேயே மறித்த மாமா, “கொண்டு போனதத் திருப்பிக் கொண்டாந்திருக்கியே, இப்ப இத எங்கடா வைக்கிறது?” என்று கேட்டுவிட்டு அழுதார். இப்போது எங்கள் தோட்டத்துப் புளியமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மாமியார் தினமும் வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். ஐப்பசி மழை வரப்போகிறது. கலயம் மண்ணால் ஆனது. மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருக்கிறேன், காற்றுக்கு அது நிற்பதில்லை.

7. ஸ்டோரில் சூடு மிஞ்சினால் தானாக நின்றுவிடும்படி ஒரு கருவி உண்டு. தீப்பிடிக்காமல் இருக்க அது வேண்டும். சூடே இல்லாதபோதும் அது நிறுத்தினால், கருவி சரியாக வேலை செய்கிறது என்று நாங்கள் சொல்வதில்லை. கழற்றிப் பார்ப்போம். அந்த ரிசார்ட்டின் விதிகளையும் யாராவது ஒருமுறை அப்படிப் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப்பாதை யாருக்கு உரியது என்பதையும் தாங்கள் விசாரித்து முடிவு செய்யலாம். அதற்கு நாளாகும் என்று அறிவேன்.

ஆகவே, விசாரணை முடியும்வரை காத்திராமல், மழைக்கு முன் ஏதாவது ஒரு நாள் காலையில் அந்தக் கடற்கரைக் கதவைத் திறந்துவிட உத்தரவிட வேண்டுகிறேன். விருந்தினர்கள் எழுந்து வருவதற்குள் முடித்துக்கொள்கிறேன். வேறு யாரையும் அழைத்து வரமாட்டேன். சத்தம் போடமாட்டேன் என்று எழுதித் தரவும் சம்மதம். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்றால் நான் கரையிலேயே நின்றுகொள்கிறேன். அவளை மட்டும் இறங்க விடுங்கள்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கோ. ஜெகதீஷ்

இடம்: ராசிங்காபுரம்
நாள்: 09.10.2025

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல், சித்திரையில் இருவர் தங்கியதற்கான ரசீது நகல்.